பெட்டியில் இல்லாத பதினொரு மோட்டார்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை ஒலிப்பதிவுக் கருவியை உங்கள் கையில் ஒப்படைத்தபோது, "அனுபவத்துல நாலு வார்த்தை சொல்லிட்டுப் போங்கக்கா" என்று கேட்டீர்கள். நான் "பேட்டரியை வெயிலில் வைக்காதீர்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அன்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. முப்பத்தொரு வயதில் நம் இசைக்குழுவிலிருந்து ஓய்வு பெறுகிறவள் எல்லாம் அனுபவம் பேசலாமா என்று ஒரு பக்கம். பேசாமல் விட்டால் நான் விழுந்த அதே குழியில் நீங்களும் விழுவீர்களே என்று இன்னொரு பக்கம். இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். மைக்கை எங்கே வைப்பது, எந்த மென்பொருளில் எதை எப்படி இழுப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்லப்போவது அதைப் பற்றி இல்லை.

நாம் செய்வது வாத்தியம் இல்லாத இசை. லாரியில் தார்ப்பாயை இழுத்துக் கட்டும் கயிற்றின் முனகல், ஹாஸ்டல் குழாயடியில் வரிசையில் நிற்கும் வாளிகள், கேண்டீன் தட்டுகள், இப்படிக் கிடைத்ததைப் பதிவு செய்து, வெட்டி, நீட்டி, தலைகீழாக ஓட்டி, கணினியில் பாட்டாக்குகிறோம். சொந்தக்காரர்களிடம் இதை விளக்கப் போகாதீர்கள். என் கணவர் பிரபு ஐந்து வருடமாக எல்லோரிடமும் "நித்யா டி.ஜே. மாதிரி, ஆனா பாட்டு வராது" என்றுதான் சொல்லிவருகிறார்.

முதலில் ஒரு சின்னக் கதை. பெரிய கதைக்கு அது தேவைப்படும்.

எங்கள் முதல் நிகழ்ச்சி வடக்குப்பட்டில் ஒரு ஹாஸ்டலின் பொங்கல் விழாவில் நடந்தது. தெற்கு மாவட்டங்களிலிருந்து வந்து இங்கே கம்பெனிகளில் வேலை பார்க்கும் பையன்கள் ஐம்பது பேர் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் செய்திருந்த பாட்டின் மூன்றாவது நிமிடத்தில் கம்பெனி பஸ் வரும். இரண்டு குட்டி ஹாரன், பிறகு கதவு திறக்கும்போது வரும் அந்தக் காற்றுப் பெருமூச்சு. எனக்கு மிகவும் பிடித்த இடம். அந்த இடம் வந்ததும் பாதிக் கூட்டம் எழுந்துகொண்டது. "ஏலே, வண்டி வந்துட்டுல!" என்று ஒருவன் கத்த, படிக்கட்டில் திமுதிமுவென்று ஓட்டம். ஒருவன் பாதிக் கரும்போடு ஷூவை மாட்டிக்கொண்டிருந்தான். தெருவரை போய் வெறும் ரோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

மனிதர்கள் எல்லாச் சத்தத்தையும் காதால் கேட்பதில்லை, சிலவற்றைக் காலால் கேட்கிறார்கள் என்று அன்று நோட்டில் எழுதி வைத்தேன். எழுதி வைத்ததோடு சரி. அது எனக்கும் பொருந்தும் என்று அப்போது தோன்றவில்லை.

இனிப் பெரிய கதை.

வல்லம் வடகாலில் நான் வேலை பார்க்கும் கம்பெனி கார் இருக்கைகளை முன்னும் பின்னும் நகர்த்தும் சின்ன மோட்டார்களைச் செய்கிறது. நான் தரப்பிரிவில் ஆய்வாளர். எனக்குக் கிடைத்த இடம் சத்த அறை. வெளிச்சத்தம் நுழையாமல் சுவர் முழுக்கப் பஞ்சு வைத்த, ஒரு ஆள் கட்டிலைப் போட்டால் நிறைந்துவிடும் அளவுள்ள அறை. நடுவில் ஒரு மேசை. மோட்டாரை மேசையில் வைத்துக் கதவைச் சாத்தினால் அது எட்டு விநாடி ஓடும். மேசைக்குள் இருக்கும் உணரி அதன் அதிர்வைப் பதிவு செய்யும். வெளியே இருக்கும் கணினி அந்தப் பதிவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். பச்சை விளக்கு எரிந்தால் மோட்டார் தேறியது, பச்சைத் தட்டுக்குப் போகும். சிவப்பு எரிந்தால் தேறவில்லை, சிவப்புப் பெட்டிக்குப் போகும். சிவப்பின் ஒலிப்பதிவுகள் மட்டும் கணினியில் தனியாகச் சேமிக்கப்படும்.

மோட்டாரை எடுத்து வைத்து, தீர்ப்பைப் பார்த்து, தட்டிலோ பெட்டியிலோ போடுகிற வேலை இசக்கியுடையது. இசக்கியம்மாள், இருபது வயது, திருநெல்வேலிப் பக்கம், ஒப்பந்தத் தொழிலாளி. வந்த முதல் நாளே "ஏங்க்கா, இந்த ரூம்புக்குள்ள நின்னா எனக்கு என் வயித்துச் சத்தமே கேக்கு" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தவள். அவளுடைய வீட்டில் மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள். வேலை இருக்கும்வரை கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம் என்பது அவளுக்கும் அவள் அப்பாவுக்கும் இருந்த ஒப்பந்தம்.

"மாப்பிள நல்லவருதான்க்கா. ஆனா கோழிப்பண்ண வச்சிருக்காரு. எனக்குக் கோழி வாடையே ஆவாது."

பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்பியபோது பாப்பாவுக்கு ஐந்து மாதம். பகலில் பாப்பாவை எங்கள் வீட்டுக்காரம்மா தேவகி பார்த்துக்கொண்டார். இரவில் பாப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பயன்படுத்தும் பால் பம்பைக் காலையில் நீலப் பையில் வைத்து எடுத்துப்போவேன். தாய்மார்களுக்கென்று கம்பெனியில் ஓர் அறை உண்டு. கதவில் அம்மாவும் குழந்தையும் வரைந்த அழகான பலகையும் உண்டு. கதவைத் திறந்தால் உத்தரம்வரை அட்டைப்பெட்டி. கேட்டதற்கு "நாளைக்கு எடுத்துடுவோம் மேடம்" என்றார்கள். அந்த நாளை வரவே இல்லை. உள்ளிருந்து தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரே இடம் சத்த அறைதான். தேநீர் இடைவேளையில் எல்லோரும் கேண்டீன் போனதும் நான் அதற்குள் போய்விடுவேன். கணினியை அணைத்தால் மறுபடி தயாராக இருபது நிமிடம் எடுக்கும் என்பதால் அணைப்பதில்லை. நான் பாட்டுக்கு உட்கார்ந்து, பாப்பா இப்போது அழுகிறாளா, தூங்குகிறாளா, காலையில் கேஸை மூடினேனா என்று ஒவ்வொன்றாகக் கவலைப்பட்டு முடிப்பதற்குள் பாலும் நிறைந்துவிடும்.

ஆயுத பூஜைக்கு மூன்று வாரம் இருந்தபோது மனிதவளப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். இந்த வருடம் வழக்கமான ஸ்பீக்கர் பாட்டுக்குப் பதிலாக நம் மெஷின்களின் சத்தத்திலேயே ஒரு பத்து நிமிடம் செய்ய முடியுமா என்று கேட்டார்கள். சிவப்பு ஒலிப்பதிவுகளைப் பயன்படுத்த எழுத்துப்பூர்வமாக அனுமதியும் தந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பச்சை மோட்டார் எல்லாம் ஒரே மாதிரி ஓடும். அதில் இசைக்கு ஒன்றும் இல்லை. தேறாதவைதான் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருமும், விக்கும், பல்லைக் கடிக்கும்.

அந்தக் கோப்புகளைத் துழாவும்போதுதான் அது கிடைத்தது. உஷ்ஷ்... டொக். உஷ்ஷ்... டொக். எந்த மோட்டாரும் இப்படி மூச்சு விட்டு நான் கேட்டதில்லை. தேடத் தேட மொத்தம் பதினொன்று சிக்கின. பதினொன்றிலும் அதே மூச்சு. வேகத்தைக் குறைத்து அடியில் ஓடவிட்டேன். அதுவரை தனித்தனியாகக் கிடந்த சத்தமெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தது. பாட்டுக்கு உயிர் வந்துவிட்டது. அன்று பஸ்ஸில் தலையை ஆட்டிக்கொண்டே போனதில் என் நிறுத்தத்தைத் தவறவிட்டு ஒரு கிலோமீட்டர் நடந்தேன்.

அப்போதாவது இந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும். அழகாக இருக்கிற சத்தத்திடம் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை.

முன்னோட்டத்தை எங்கள் தரப்பிரிவுத் தலைவருக்குப் போட்டுக் காட்டினேன். சிரிக்காத மனிதர். பச்சை மையில் மட்டுமே கையெழுத்துப் போடுவார். தேநீரில் சர்க்கரை கூடினால்கூட "எவ்வளவு கூட?" என்று அளவு கேட்பார். கண்ணை மூடிக் கேட்டார். நான்காவது நிமிடத்தில் கண்ணைத் திறந்தார்.

"இது என்னம்மா சத்தம்?"

"அதுதான் சார் பாட்டோட மெயின்."

"அது தெரியுது. எந்த மோட்டார் இப்படிக் கத்துது? இந்தத் தொழில்ல நான் கேட்டதே இல்ல. எத்தன பீஸ்?"

"பதினொன்னு சார்."

"பீஸ் எங்க?"

சிவப்புப் பெட்டிகளின் கணக்கைத் திறந்து பார்த்தோம். கணினியில் பதினொரு சிவப்பு கூடுதலாக இருந்தது. பெட்டியில் அந்தப் பதினொரு மோட்டார் இல்லை. இரண்டு எண்ணிக்கையையும் தினமும் ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். பெட்டியை எண்ணி, அந்த எண்ணையே இரண்டு கட்டத்திலும் எழுதிவந்திருக்கிறேன். பாப்பா பிறந்தபின் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரேயடியாகத் தூங்காதவள் என்பதை ஒரு விளக்கத்துக்காகச் சொல்கிறேன், மன்னிப்புக்காக இல்லை.

பெட்டியில் இல்லை என்றால் அந்தப் பதினொன்றும் தேறியவற்றோடு கலந்து பச்சைத் தட்டுக்குப் போயிருக்க வேண்டும். மூன்று வார உற்பத்தியில் இன்னும் அனுப்பாதது முழுவதையும் நிறுத்திவைத்தார்கள். தொழிற்கூடத்தின் ஒரு மூலை முழுக்கச் சிவப்பு நாடா கட்டி மோட்டார்களை அடுக்கினார்கள். அதற்கு எதிரே போய் நின்று எங்கள் லைன் சூப்பர்வைசர் குணா தலையில் கை வைத்துக்கொண்டார். குணா மணிமங்கலத்துக்காரர்.

"இன்னா மேடம், ஆயுத பூஜைக்குப் பாட்டு போடச் சொன்னா லைனையே நிறுத்திகினு போய்ட்டீங்களே!"

பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதுல யோசிக்க இன்னா கீது? அந்தப் பொண்ணு புச்சு. சிவப்பு எரிஞ்சத பாக்காம பச்சைல போட்டுருக்கும். அத்தோட வேல அதானே."

அறிக்கையை அவரே எழுதிக்கொண்டு வந்தார். காரணம்: ஆளின் கவனக்குறைவு. நடவடிக்கை: திங்கள் கூட்டத்துக்குப் பிறகு ஆளை ஏஜென்சிக்குத் திருப்பி அனுப்புவது. கீழே ஆய்வாளர் கையெழுத்துக்கு இடம். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் வேறு காரணம் என்ன என்று கேட்டால் என்னிடம் பதிலும் இல்லை. ஐந்தரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, பாப்பா காத்திருப்பாள். போட்டுவிட்டேன்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. அழுத்தத்தில் எடுக்கும் முடிவு என்று எல்லோரும் பெரிதாகச் சொல்வார்கள். என் வாழ்க்கையின் மோசமான முடிவை நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பதற்காக எடுத்தேன்.

சனிக்கிழமை மதியம் இசக்கி என்னிடம் வந்தாள். வழக்கமான சிரிப்பு இல்லை.

"ஏக்கா, நான் மாத்திப் போட்டேன்னு சொல்லுதாவ. நான் போடலக்கா. சிவப்பு எரிஞ்சா எனக்குப் பயம், ரெண்டு தடவ பாப்பேன். நீங்களும் கையெழுத்துப் போட்டியளாமே?"

"இசக்கி, அது வந்து..."

"வேல போனா சாயங்காலமே ஹாஸ்டல் கட்டிலயும் காலி பண்ணணும்க்கா. ஊருக்குப் போவணும். போனா கோழிதான்."

சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. நான் அவள் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை பத்து மணி. பிரபு முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார். தேவகி அம்மா வாசல்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பாப்பா அவர் பக்கத்தில் பாயில் கிடந்து ஒரு கீரைக் காம்பை ஆராய்ந்துகொண்டிருந்தாள். அரைமணி நேரத்துக்கு முன்புதான் வயிறு நிறையக் குடித்திருந்தாள். நான் மடிக்கணினியைத் திறந்து பாட்டை ஓடவிட்டேன். அந்தப் பதினொன்றில் ஏதாவது துப்பு கிடைக்காதா என்று நூறாவது தடவையாகக் கேட்கும் எண்ணம்.

உஷ்ஷ்... டொக். உஷ்ஷ்... டொக்.

பாப்பா கீரையைக் கீழே போட்டாள். தலையைத் திருப்பி மடிக்கணினியைப் பார்த்தாள். வாயைத் திறந்து சப்புக் கொட்ட ஆரம்பித்தாள்.

"இன்னாம்மா நித்யா இது," என்றார் தேவகி அம்மா. "இப்பதானே குட்ச்சிச்சு? பாரேன், அந்தப் பொட்டிக்குள்ள பால் கீதுன்னு நெனச்சிகினு வாயத் தொறக்குது!"

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தால் என் சட்டையின் முன்பக்கம் இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. பாப்பா அழவில்லை, பசிக்கவில்லை, நான் தூக்கக்கூட இல்லை. பாட்டு ஓடுகிறது, பால் சுரக்கிறது. சில நாளாகப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் இப்படித்தான், பாப்பாவின் பசி நேரம் என்று நினைத்துவந்தேன்.

பாட்டை நிறுத்தினேன். உள்ளே ஓடி நீலப் பையிலிருந்து பம்பை எடுத்தேன். சாப்பாட்டு மேசைமேல் வைத்து ஓடவிட்டு மேசைப் பலகையில் காதை ஒட்டிவைத்துக் கேட்டேன்.

உஷ்ஷ்... டொக்.

காற்றில் அது வேறு மாதிரி, ஏதோ பூனை தும்முவது போலக் கேட்கும். ஆறு வாரமாக அதைத்தான் கேட்டுவந்தேன். பலகை வழியாகக் கேட்டது இதுவே முதல் தடவை. களைப்பாக இருந்த சில நாள்களில் பம்பை மடியில் வைக்காமல் சோதனை மேசைமேல் வைத்திருக்கிறேன். மேசை அதை மோட்டார் என்று நினைத்துச் சோதித்திருக்கிறது. தேறவில்லை என்று தீர்ப்பும் சொல்லியிருக்கிறது. சிவப்பு விளக்கு வெளியே எரிந்திருக்கும், எல்லோரும் கேண்டீனில். நான் உள்ளே. ஒருமுறை கதவைச் சாத்தினால், மேசையில் முதல் அதிர்வு வந்ததும் ஒரே ஒரு பதிவு. அப்படிப் பதினொரு நாள்.

மடிக்கணினியில் அந்தக் கோப்புகளின் நேரத்தைப் பார்த்தேன். பதினொன்றும் பத்துப் பத்துக்கும் பத்தேகாலுக்கும் நடுவில். தேநீர் இடைவேளை. இதை ஏன் யாரும் கவனிக்கவில்லை என்றால், விசாரணைக்காக நான் அச்சிட்டுக் கொடுத்த பட்டியலில் நேரமே இல்லை. தாளின் அகலத்தில் அடங்கவில்லை என்று அழகுக்காக அந்தப் பத்தியை நானேதான் மறைத்திருந்தேன்.

"இன்னா, மூஞ்சி இப்டி வெளுத்துப்போச்சு?" என்று உள்ளே எட்டிப் பார்த்தார் தேவகி அம்மா. "மேசையாண்ட காத வெச்சிகினு இன்னா பண்ற?"

மாலை பிரபு வந்ததும் சொன்னேன். அவர் பத்து நிமிடம் சிரித்தார். "ஒரு பால் பம்பு மூணு வார புரொடக்‌ஷனையே நிறுத்திடுச்சா!" என்று மறுபடி பத்து நிமிடம். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"சொல்லப் போறியா?"

அதுதான் கேள்வி. சொன்னால் சோதனை அறையைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தியதற்கு மெமோ வரும். விடுப்பிலிருந்து வந்தவளுக்கு வேலையில் கவனம் இல்லை என்பார்கள். பன்னிரண்டு ஆண்கள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் என்ன வார்த்தையைச் சொல்லி ஆரம்பிப்பது? கடிதமாக எழுதிக் கொடுக்கலாமா? மூன்று கடிதம் எழுதினேன். முதல் கடிதத்தில் பம்ப் என்ற சொல்லே வரவில்லை. இரண்டாவதில் "தனிப்பட்ட உபகரணம்" என்று இருந்தது. படித்துப் பார்த்தால் நான் ஏதோ துப்பாக்கி வைத்திருந்தது போல இருந்தது. மூன்றாவதையும் கிழித்தேன். சொல்லாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது, எனக்கு. இசக்கி ஊருக்குப் போவாள். அந்தப் பாட்டு ஆயுத பூஜையில் ஓடும். ஒவ்வொரு உஷ்ஷுக்கும் என் சட்டை நனையும்.

திங்கள் காலை கூட்டம் சத்த அறைக்கு முன்னாலேயே நடந்தது. இசக்கி ஓரமாகச் சுவரோடு நின்றாள். அவள் பை தயாராகக் காலடியில் இருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்குக் குரல் வந்தது.

"சார், அந்தச் சத்தத்த மறுபடி வரவைக்க முடியும்."

எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது. கோளாறைத் திரும்ப உண்டாக்கிக் காட்டுகிறவருக்கு எல்லோரும் வழி விடுவார்கள். தலைவர் கையால் மேசையைக் காட்டினார். நான் நீலப் பையைத் திறந்து, பம்பை எடுத்து, மேசையில் வைத்து, ஓடவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

எட்டு விநாடி. சிவப்பு. திரையில் புதிய கோடும் பழைய பதினொரு கோடும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன.

"அட்ரா சக்க!" என்றார் குணா. "இன்னா மேடம் அது, புது மாடலா?"

தலைவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எந்த சப்ளையர்?"

"என்னோடது சார். பால் பம்ப்."

குணா உடனே கூரையில் ஏதோ கோளாறு இருப்பதுபோல அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார். இரண்டு பேர் தங்கள் அடையாள அட்டையைப் படித்தார்கள். சுவர் ஓரத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. இசக்கி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். தொழிற்கூடம் முழுக்க எதிரொலிக்கிற சிரிப்பு.

தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"வொய்-வொய் ஷீட் எடும்மா."

உங்களில் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எந்தக் கோளாறு வந்தாலும் ஐந்து முறை 'ஏன்' என்று கேட்டு எழுத வேண்டும். ஒவ்வொரு பதிலிலிருந்தும் அடுத்த ஏன். ஐந்தாவது பதில்தான் உண்மையான காரணம், அதற்குத்தான் நடவடிக்கை. குணா எழுதிய பழைய அறிக்கை இரண்டாவது ஏன் வந்ததுமே இசக்கியிடம் போய் நின்றுவிட்டிருந்தது. தலைவர் கேட்கக் கேட்க நான் எழுதினேன்.

"சிவப்பு ஏன் எரிஞ்சுது?"

"மேசைல மோட்டார் இல்லாத பொருள் ஓடினது சார்."

"அது ஏன் அங்க வந்துது?"

"நான் இடைவேளைல இந்த ரூமுக்குள்ள இருந்தேன் சார்."

"ஏன் இந்த ரூம்?"

"உள்பக்கம் தாழ்ப்பா இருக்கற ரூம் வேற இல்ல சார்."

"தாய்மார் ரூம் இருக்கே. அது ஏன் இல்ல?"

"அதுல உத்தரம்வரைக்கும் அட்டைப்பெட்டி சார்."

"அங்க ஏன் அட்டைப்பெட்டி?"

எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் குணாவைப் பார்த்தார்கள். குணா கூரையிலிருந்து மெல்லக் கீழே இறங்கி வந்தார்.

"ஸ்டோர் ரூம் ஒழுகுது சார். போன மழைலேர்ந்து. பொட்டிங்க நனையக் கூடாதுன்னு நாந்தான் அங்க வெச்சேன்."

"ஏன் கூரைய மாத்தல?"

"சார், அது ஆறாவது ஏன் சார். ஷீட்ல அஞ்சுதான்..."

"பரவால்ல, சொல்லுங்க."

குணா இன்னொரு முறை கூரையைப் பார்த்துக்கொண்டார். "தகரம் வந்துச்சு சார். தரம் சரியில்லன்னு நீங்கதான் திருப்பி அனுப்பிட்டீங்க. அப்பால யாரும் கேக்கல."

தலைவர் என் கையிலிருந்த தாளை வாங்கினார். ஐந்தாவது கட்டத்துக்குக் கீழே, ஓரத்தில், பச்சை மையில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பழைய அறிக்கையைக் கொண்டுவரச் சொல்லி என்னிடம் நீட்டினார். எங்கள் தொழிலில் எதையும் கிழிக்கக் கூடாது. குறுக்கே ஒரு கோடு போட்டு, ரத்து என்று எழுதி, போட்டவரே மறுபடி கையெழுத்து வைக்க வேண்டும். இசக்கி பார்த்துக்கொண்டிருக்க என் பெயரை நானே அடித்தேன்.

எனக்கு மெமோ வந்தது. நேரப் பத்தியை மறைத்ததற்கும், எண்ணிக்கையை ஒப்பிடாததற்கும். நியாயமான மெமோ. பத்திரமாக வைத்திருக்கிறேன். சிவப்பு நாடா அவிழ்ந்தது. புதன்கிழமைக்குள் தாய்மார் அறை காலியானது. கூரை சரியாகும்வரை அட்டைப்பெட்டிகள் எங்கே என்று கேட்காதீர்கள். இரண்டு மாதம் தரப்பிரிவுத் தலைவர் தன் நாற்காலிக்குப் பக்கவாட்டில் நுழைந்துதான் உட்கார்ந்தார்.

இசக்கியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் லேசில் விடவில்லை.

"மன்னிச்சிரேன்னா போதாதுக்கா. அந்தப் பாட்டுல நானும் வரணும்."

"பாட்டுல வார்த்தையே இல்லையே இசக்கி."

"எனக்கு என்ன தெரியும்? ஒங்க பம்பு வருது, நான் வரக்கூடாதா?"

அவள் கையுறையை இழுத்து மாட்டும்போது மணிக்கட்டில் ரப்பர் சுளீரென்று அடிக்கும். அதைப் பதிவு செய்தேன். அந்தச் சுளீரில்தான் பாட்டு தொடங்குகிறது. நீங்கள் கேட்டிருப்பீர்கள். இனி யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஆயுத பூஜை அன்று எல்லா மெஷினுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். சத்த அறை மேசைமேல் ஸ்பேனர், அளவுகோல், உணரி எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தாள் இசக்கி. கடைசியில் என் பம்பும் இருந்தது, நெற்றி மாதிரி ஓர் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துப் பெரிய பொட்டோடு. "அதுவும் ஆயுதந்தானக்கா" என்றாள். குணா அதன்முன் ஒரு வாழைப்பழத்தையும் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நகர்ந்தார்.

பாட்டு ஓடியது. அன்று நான் முன்னெச்சரிக்கையாக உள்ளே இரண்டு மடங்கு துணி வைத்து, கெட்டியான துப்பட்டாவும் போட்டிருந்தேன். நல்லதாகப் போயிற்று. உஷ்ஷ் டொக் வந்தபோது பையன்கள் தோளை ஆட்டினார்கள். தலைவர் அசையாமல் நின்று விரல் விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"பதினொன்னும் வந்துது. டேலி ஆகுது."

சிரித்தாரா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியாது. இசக்கி சிரித்தார் என்கிறாள்.

ஆக, நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு சத்தம் உங்களுக்கு மிகவும் பிடித்துப்போனால் அதை வெட்டுவதற்கு முன் ஊரும் பேரும் கேளுங்கள். எத்தனை மணிக்கு வந்தது என்று பாருங்கள். அது உங்களைத் தாண்டி யார் தலையில் போய் விழும் என்று யோசியுங்கள். தெரியாத சத்தத்துக்கு அடியில் ஒருவர் பெயரை எழுதச் சொன்னால் பஸ்ஸை விட்டுவிடுங்கள், அடுத்த பஸ் ஆறு மணிக்கு உண்டு. நோட்டில் எழுதியதை நடுவில் திறந்தும் பாருங்கள்.

கருவி, வயர்கள், கோப்புகள் எல்லாம் இனி உங்களுடையவை. நீலப் பையை மட்டும் நான் தரவில்லை. பாப்பாவுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. அடுத்தது இன்னும் ஆறு வாரத்தில்.

தாய்மார் அறைச் சாவி இப்போது இசக்கியிடம் இருக்கிறது. ஆய்வாளராகிவிட்டாள், கோழிப்பண்ணைக்காரர் வேறு யாரையோ கட்டிக்கொண்டார். விடுப்பில் போவதற்கு முன் அறையை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று போனேன். சுத்தமாக, காற்றோட்டமாக இருந்தது. மூலையில் ஒரே ஓர் அட்டைப்பெட்டி.

"இது என்ன இசக்கி?"

"கால நீட்டி வச்சிக்கிட ஒங்களுக்குத்தான்க்கா. காலிப் பெட்டி. நம்பிக்க இல்லயா?"

நம்பிக்கை இருந்தது. இருந்தாலும் திறந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.